சர்வீஸ் போட்டதும் வலைக்கு ஓடியவர்

குறுவட்டப் போட்டியில் வளையப்பந்து இரட்டையரில் நானும் என் தோழியும் முதல் சுற்றிலேயே தோற்றது எல்லாருக்கும் தெரியும். வளையத்தைப் போட்டுவிட்டு நான் பின்னாடியே நின்னேன், அவளும் பின்னாடியே நின்னா. முன்னால் ஆளே இல்லை. பி.டி. டீச்சர் திட்டவில்லை. ஆலிஸ் மார்பிள் என்று ஒருவர் இருந்தார், அவரைப் பற்றிப் படி என்று மட்டும் சொன்னாங்க. படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆலிஸ் 1913 செப்டம்பர் 28 அன்று அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் பிறந்தார். பிறகு குடும்பம் சான்பிரான்சிஸ்கோ நகரத்துக்கு வந்துவிட்டது. சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். ஆலிஸுக்கு டென்னிஸ் மேல் ஆசையே இல்லை. பேஸ்பால்தான் உயிர். அந்த ஊர் அணி வீரர்கள் ஆட்டத்துக்கு முன்னால் பயிற்சி எடுக்கும்போது இவரும் கூடச் சேர்ந்து பந்து பிடித்து எறிவார். வளர்ந்த பெண் இப்படி ஆம்பளைகளோடு ஆடக் கூடாது என்று அண்ணன் டான் ஒரு டென்னிஸ் மட்டையை வாங்கிக் கொடுத்துவிட்டார். (எங்க வீட்டிலும் இதே பேச்சு வந்தது. ஆனா எனக்கு மட்டை தரலை, விளக்குமாறு தந்தாங்க.)

பணக்காரர்களின் கிளப்பில் சேர வசதி இல்லை. கோல்டன் கேட் பூங்காவில் எல்லாரும் ஆடுகிற பொது மைதானத்தில்தான் ஆலிஸ் பழகினார். பந்து எறிந்து எறிந்து பலமான கை அல்லவா, அது சர்வீஸுக்கு உதவியது. பந்தைத் தூக்கிப் போட்டுத் தலைக்கு மேல் அடிப்பதும், தூரத்துக்கு எறிவதும் ஏறக்குறைய ஒரே கை வீச்சுதான்.

அந்தக் காலத்தில் பெரும்பாலான பெண்கள் சர்வீஸ் போட்டுவிட்டுப் பின்கோட்டிலேயே நிற்பார்கள். ஆலிஸ் அப்படி நிற்கவில்லை. ஆண்கள் போடுகிற ட்விஸ்ட் சர்வீஸைக் கற்றுக்கொண்டார். பந்தை நேராக அறையாமல் கீழிருந்து மேலாக உரசி அடிக்கணும். அது காற்றில் கொஞ்சம் மெதுவாக வளைந்து போகும், தரையில் பட்டதும் எதிராளியின் இடது தோள் பக்கமாகத் துள்ளி எழும். மெதுவாகப் போவது குறை என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அதுதான் லாபமாம்! பந்து போய்ச் சேருவதற்குள் வலைப் பக்கம் ஓடிவிடலாம்.

இரட்டையரில் இது எப்படி வேலை செய்யும் என்று டீச்சர் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினாங்க. ஒற்றையர் மைதானத்தின் அகலம் 27 அடி, இரட்டையருக்கு 36 அடி. இவ்வளவு அகலத்தில் ஓரமாக சர்வீஸ் போட்டால் எதிராளி நம் பக்கவாட்டில் அடித்துவிடுவார். நடுக்கோட்டை ஒட்டிப் போட்டால் அவருக்குக் கோணம் கிடைக்காது. வலையருகே நிற்கும் நம் ஜோடி ஒரு எட்டு நகர்ந்தால் போதும், பந்து கைக்கு வந்துவிடும். தோள் உயரத்தில் துள்ளுகிற பந்தை இடது பக்கத்தில் வாங்கித் தாழ்வாகத் திருப்புவது கஷ்டம். மேலே எழும்பித்தான் வரும், அடித்துக் கீழே தள்ளிவிடலாம். அதனால் முதல் சர்வீஸை முழு பலத்தோடு அடித்து வெளியே விடுவதைவிட, முக்கால் வேகத்தில் சரியான இடத்தில் போடுவதுதான் நல்லது. பாதிப் புள்ளியை எடுப்பது முன்னால் நிற்கிற ஜோடிதானே. ஆலிஸுக்கு அப்படி அமைந்த ஜோடி சாரா பால்ஃப்ரே. இருவரும் 1937 முதல் 1940 வரை வரிசையாக நான்கு வருஷம் அமெரிக்க இரட்டையர் பட்டத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆனால் அதற்கு முன்னால் ஆலிஸ் பட்ட பாடு ரொம்ப. 1933-ல் ஒரே நாளில் கொளுத்துகிற வெயிலில் நான்கு போட்டிகள் ஆட வைத்தார்கள். மொத்தம் 108 கேம்! மயங்கி விழுந்தார். அடுத்த வருஷம் பாரிஸில் ஆடும்போதே மைதானத்தில் சரிந்தார். காசநோய் என்றார்கள் டாக்டர்கள், இனி ஆடவே முடியாது என்றும் சொல்லிட்டாங்க. அப்போது அவருக்கு வயது இருபதுதான். மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுத்துக் கிடந்தார். கரோல் லோம்பார்ட் என்ற சினிமா நடிகை தைரியம் சொல்லிக் கடிதம் எழுதினார். பயிற்சியாளர் எலினார் டென்னன்ட் அவரை அங்கிருந்து அழைத்து வந்து, மெல்ல மெல்ல நடக்கவும் பிறகு ஆடவும் வைத்தார். 1936-ல் ஹெலன் ஜேக்கப்ஸைத் தோற்கடித்து அமெரிக்க ஒற்றையர் சாம்பியன் ஆனார். 1939 விம்பிள்டனில் ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் மூன்றிலும் முதல் இடம். பிறகு உலகப் போர் வந்து 1940 முதல் 1945 வரை விம்பிள்டனே நடக்கவில்லை.

எனக்கு அவரை ரொம்பப் பிடித்தது இந்தக் கோப்பைகளுக்காக இல்லை. 1950-ல் ஆல்தியா கிப்சன் என்ற கறுப்பினப் பெண் நன்றாக ஆடியும், அமெரிக்கப் பெரிய போட்டிக்கு அவரைக் கூப்பிடாமல் இருந்தார்கள். ஆலிஸ் ஒரு டென்னிஸ் பத்திரிகையில் இதைக் கேள்வி கேட்டு எழுதினார். நிறத்தைக் காரணம் காட்டி ஒருவரை வெளியே நிறுத்துவது டென்னிஸ் ஆடுகிற நம் எல்லோருக்கும் வெட்கக்கேடு என்ற பொருளில் எழுதினார். ஆடுகிற காலம் முடிந்தவர், சும்மா இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த ஆகஸ்டிலேயே ஆல்தியா போட்டியில் இறங்கினார். 1956-ல் ஆஞ்சலா பக்ஸ்டன் என்ற யூதப் பெண்ணோடு ஜோடி சேர்ந்து விம்பிள்டன் இரட்டையரையும், 1957-ல் ஒற்றையரையும் வென்றார். 1957 கோப்பையை இங்கிலாந்து ராணி கையாலேயே வாங்கினார்.

ஆலிஸ் பிறகு இளம் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். பில்லி ஜீன் கிங் அவரிடம் படித்தவர்தான். 1990 டிசம்பர் 13 அன்று ஆலிஸ் இறந்தார். சான்பிரான்சிஸ்கோவில் ஒரு பொது டென்னிஸ் மைதானத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இப்போ சாயங்காலம் நாங்க ஆடும்போது, நான் வளையம் போட்டால் என் தோழி முன்னால் நிற்கிறாள். அவள் போட்டால் நான் முன்னால். இன்னும் நிறைய தவற விடுகிறோம்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி