மில்டன் பிராட்லி

கலையின் தரம் ஒருபுறமும் வணிகத்தின் ஊதியம் மறுபுறமும் ஈர்க்குங்கால், இரண்டனையும் ஒருங்கே காத்தல் எளிதன்று. அமெரிக்க நாட்டில் விளையாட்டுப் பொருள்கள் படைத்துப் புகழ்பெற்ற மில்டன் பிராட்லியின் வாழ்க்கை இதனை நன்கு விளக்கும்.

அவர் 1836ஆம் ஆண்டில் மேயின் மாநிலத்து வியன்னா என்னும் ஊரில் பிறந்தார். 1860இல் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் கல்லச்சுக்கூடம் ஒன்றை நிறுவினார். அவ்வாண்டுத் தேர்தலில் நின்ற ஆபிரகாம் லிங்கனின் தாடியற்ற உருவப்படத்தை அச்சிட்டார். படம் நன்கு விலைபோயிற்று. ஆயின், லிங்கன் தாடி வளர்க்கத் தொடங்கவே, அதனை வாங்குவார் இலராயினர், அச்சுக்கூடமும் நலிவுற்றது.

அந்நிலையில் பிராட்லி புதிய ஆட்டம் ஒன்றைப் படைத்தார். அறுபத்து நான்கு கட்டங்களில் மனித வாழ்வின் நன்மை தீமைகளை அமைத்தார். நற்செயல் ஆடுவோரை உயர்த்தும், தீயொழுக்கம் தாழ்த்தும். பகடை சூதாட்டத்திற்கு உரியதென்று பலர் வெறுத்தமையால், எண்கள் பொறித்த சிறு சுழலியைப் பயன்படுத்தினார். ஓராண்டிற்குள் 45,000 படிகள் விற்றன. வறுமை நீங்கியது.

1869ஆம் ஆண்டில் பிராட்லியின் உள்ளம் வேறொரு பணியில் ஈடுபட்டது. விளையாட்டின் வாயிலாகவே குழந்தைகளுக்குக் கல்வி புகட்டலாம் என்பது ஜெர்மன் நாட்டு அறிஞர் ஃபுரோபெலின் கொள்கை. அதனை எலிசபெத் பீபாடி அம்மையாரின் சொற்பொழிவால் அறிந்த பிராட்லி, அக்கல்விமுறையை விளக்கும் நூலை வெளியிட்டார். மழலையர் பள்ளிகளுக்கு வேண்டிய மரக்கட்டைகளையும் வண்ணத் தாள்களையும் செய்தளித்தார். ஆட்டங்கள் ஈட்டிய பொருளை இப்பணி விழுங்கியது. நாட்டில் வணிகம் மந்தமுற்ற காலத்தில், பங்காளிகள் பொறுமை இழந்தனர். பள்ளிப் பணியைக் கைவிடாவிடின் தாம் விலகுவதாகக் கூறினர். பிராட்லி பணியையே தெரிந்தெடுத்தார், பங்காளிகள் பிரிந்தனர். அவர்தம் பங்குகளை ஜார்ஜ் டாப்லி என்னும் நண்பர் வாங்கிக் கைகொடுத்தமையால் நிறுவனம் நிலைத்தது. பின்னர் மழலையர் பள்ளிகள் நாடெங்கும் பரவின. பிராட்லி 1911இல் இயற்கை எய்தினார்.

பிராட்லி ஊதியத்தை வெறுத்தவர் அல்லர். ஆட்டங்களின் விற்பனை இல்லையேல் பள்ளிப் பணி தொடங்கியே இராது; நண்பரின் பொருளுதவி இல்லையேல் அது தொடர்ந்திராது. எனினும், பொருளைக் கருவியாகக் கொண்டாரேயன்றிக் குறிக்கோளாகக் கொண்டாரல்லர். இன்று கணினித் திரையில் ஆடும் விளையாட்டுகளை ஆக்குவோர் முன்னும் இதே வினா நிற்கின்றது. வேர் நீரை நாடுவது மரம் கனி தருதற்கே என்பதை உணர்ந்தோர், பிராட்லி சென்ற நெறியை அறிவர்.