இருளில் வழி நடத்திய ஹேரியட் டப்மன்

ஆடு மாடுகளைப் போல மனிதரையும் விலை பேசி விற்ற காலம் அது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், ஏறத்தாழ 1822ஆம் ஆண்டில், அடிமைப் பெற்றோருக்கு மகளாகப் பிறந்தார் ஹேரியட் டப்மன். அவருடைய அக்காமார் மூவர் தொலைதூரத்திற்கு விற்கப்பட்டனர். ஓட முயன்ற வேறோர் அடிமையை நோக்கிக் கங்காணி வீசிய எடைக்கல், குறி தவறிச் சிறுமி ஹேரியட்டின் தலையைப் பிளந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே உறங்கிவிடும் நோய் அன்று தொடங்கி இறுதிவரை அவரை விடவில்லை.

1849இல் தன்னந்தனியே தப்பினார். இரவில் துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நடந்து பிலடெல்பியா சேர்ந்தார். தாம் பிழைத்தது போதும் என்று இருந்துவிட்டாரா? இல்லை! சுமார் 13 முறை திரும்பிச் சென்று, ஏறத்தாழ 70 பேரை மீட்டு வந்தார். மக்கள் அவரை மோயீசன் என்றே அழைத்தனர். பெரும்பாலும் நீண்ட குளிர்கால இரவுகளில், சனிக்கிழமை பார்த்துப் புறப்படுவார். திங்கட்கிழமைக்கு முன் எஜமானர்களால் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுக்க இயலாதல்லவா? எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணின் மதிநுட்பம் இது! வட மாநிலங்களுக்கு ஓடியவர்களையும் பிடித்துத் தர 1850இல் சட்டம் வரவே, கனடா வரை அழைத்துச் சென்றார்.

1854ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் நேரம். தம்பிமார் உள்ளிட்ட சகோதரர் மூவரையும் மீட்க வந்த ஹேரியட், பெற்றோர் குடிசையருகே தீவனக் கொட்டகையில் ஒளிந்திருந்தார். உள்ளே தாய் விருந்து சமைத்துப் பிள்ளைகளின் வரவை எதிர்பார்த்திருந்தாள். அவளிடம் சொன்னால் கதறியழுது ஊரைக் கூட்டிவிடுவாள். எனவே சுவரின் இடுக்கு வழியாகத் தாயின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சத்தமின்றிப் பிரிந்தனர். தந்தையோ தம் கண்களைத் துணியால் கட்டிக்கொண்டே உணவு கொண்டுவந்தார். சிறிது தூரம் வழியனுப்பவும் சென்றார். பிறகு விசாரித்தவர்களிடம், மக்களைக் கண்ணால் காணவில்லை என்று பொய்யின்றிச் சொன்னார். 1857இல் அந்த முதியோர் இருவரையும் மகள் மீட்டுச் சென்றார்.

உள்நாட்டுப் போரில் தாதியாகவும் ஒற்றராகவும் உழைத்தார். 1863 ஜூன் 2ஆம் நாள் கம்பாஹி ஆற்றில் படைக்கப்பல்களுக்கு வழிகாட்ட, 700க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் விடுதலை பெற்றனர். ஆயினும் அவருடைய சேவைக்கு அரசு ஓய்வூதியம் தர மனமிசைந்தது 1899இல்தான். அதுவும், விதவைத் தொகையான 8 டாலரைச் சேர்த்து, மாதம் 20 டாலர்! அந்த வறுமையிலும் ஆபர்ன் நகரில் முதியோர் இல்லம் அமைய நிலம் அளித்தார். 1913 மார்ச் 10இல் அவர் கண்மூடியதும் அந்த இல்லத்தில்தான்.