கண்டதைச் சொன்ன கோர்டன் கூப்பர்

விண்வெளிப் பயணத்தின் தொடக்ககால வீரர்களில் நான் அதிகம் மதிப்பவர் கோர்டன் கூப்பர். தாம் கண்டதைச் சொன்னபோது சந்தேகிக்கப்பட்டு, பின்னர் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் சோதனையில் தாமே பங்குபற்றியவர் அவர்.

1927 மார்ச் 6ஆம் திகதி அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் பிறந்தார். விமானப்படையில் சோதனை விமானியாக இருந்தவரை 1959இல் நாசா தனது முதல் ஏழு விண்வெளி வீரர்களில் ஒருவராகத் தெரிவுசெய்தது. எழுவரிலும் வயதில் இளையவர் அவரே.

1963 மே 15ஆம் திகதி ஃபெயித்-7 கலத்தில் தனியாகப் புறப்பட்டு, 34 மணித்தியாலங்களில் பூமியை 22 தடவைகள் சுற்றினார். திபெத் பகுதிக்கு மேலாகச் சென்றபோது வீடுகளையும் வீதிகளையும் புகைபோக்கிகளிலிருந்து எழும் புகையையும் கண்டதாக அறிவித்தார்.

பலர் நம்பவில்லை. அவர்களிடம் ஒரு கணக்கு இருந்தது. 160 கிலோமீற்றர் உயரத்திலிருந்து பார்த்தால், நல்ல பார்வையுள்ளவராலும் ஏறத்தாழ 45 மீற்றருக்குக் குறைந்த விவரங்களைப் பிரித்தறிய முடியாது. எடையற்ற நிலையில் அவருக்கு மயக்கத் தோற்றம் ஏற்பட்டிருக்கலாம் என்றும் ஐயுற்றார்கள். ஆனால் நீண்ட பொருளொன்று, அகலம் குறைவாக இருந்தாலும், பின்னணியிலிருந்து நன்கு வேறுபட்டால் கண்ணுக்குப் புலப்படும். தூரத்து மின்கம்பி வானத்தின் பின்னணியில் தெரிவது அப்படித்தான். வீதியும் புகையும் அந்த வகையைச் சேர்ந்தவை.

1965 ஓகஸ்ட் 21ஆம் திகதி ஜெமினி-5 கலத்தில் பீற் கொன்ராட்டுடன் எட்டு நாள் பயணம் சென்றார் கூப்பர். கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த சீபர்ட் டன்ட்லியின் குழு பார்வைச் சோதனையை ஒழுங்குசெய்தது. டெக்சாஸின் லரேடோவிலும் அவுஸ்திரேலியாவின் கார்னார்வனிலும் நிலத்தைப் பண்படுத்தி, வெவ்வேறு அளவிலான வெள்ளை நீள்சதுரங்களை வெவ்வேறு திசைகளில் கிடத்தினார்கள். எது எந்தத் திசையில் கிடக்கிறது என்று வீரர்கள் மேலிருந்து சொல்ல வேண்டும். கலத்துக்குள்ளும் ஒரு சிறு கருவியால் கண்பார்வையைச் சோதித்துக்கொண்டார்கள்.

முகில் இடையூறு செய்தது. ஆனாலும் லரேடோவில் கிடைத்த விடைகள், பூமியில் அவர்களின் கண்களை அளந்து எதிர்பார்த்த அளவோடு ஒத்துப்போயின. எட்டு நாட்களிலும் பார்வை குறையவில்லை.

திபெத்தில் கண்ட ஒவ்வொரு வீட்டையும் இது நிரூபிக்கவில்லை. ஆனால் விண்வெளியில் மனிதக் கண்ணை நம்பலாம் என்பது உறுதியானது. கூப்பர் 2004 ஒக்டோபர் 4ஆம் திகதி காலமானார்.

போரில் கண்டதைச் சொல்லிச் சொல்லிக் களைத்தவர்கள் எங்களிடையே பலர். அதனால்தான் இந்த வரலாறு எனக்கு முக்கியமாகப்படுகிறது. சந்தேகம் எவருக்கும் வரலாம். கூப்பரைச் சந்தேகித்த உலகம், நிலத்தில் குறிகளை வைத்து அவரையே திரும்பவும் பார்க்கச் சொன்னது. கண்டவருக்குச் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை அதுதான்.