பறவைப் பாட்டைப் படம் பிடித்தவர்

குட்டீஸ், விருத்தாசலத்து வேப்பமரத்தில் குயில் கூவுவதைக் கேட்டிருப்பீர்கள். காக்கைக் கூட்டில் வளர்ந்தாலும், யாரும் சொல்லித் தராமலேயே அது குயிலாகவே கூவுகிறது. எல்லாப் பறவைகளும் இப்படித்தானா?

இதற்கு விடை தேடியவர் வில்லியம் தோர்ப். 1902-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். முதலில் பூச்சிகளை ஆராய்ந்தவர், பிறகு பறவைகள் பக்கம் திரும்பினார்.

1950-களில் கேம்பிரிட்ஜில், சாஃபிஞ்ச் என்ற சிறு பறவையின் குஞ்சுகளை, பெரிய பறவைகளின் பாட்டு காதில் விழாமல் வளர்த்தார். ஒலியைக் கோடுகளாக வரையும் கருவியில் அவை பாடியதைப் பதிந்து பார்த்தார். பாட்டு அரைகுறையாக இருந்தது! ஒலிநாடாவில் பாட்டைக் கேட்டு வளர்ந்த குஞ்சுகளோ நன்றாகப் பாடின. ஆனால், ஏறக்குறைய ஒரு வயது தாண்டிய பறவைக்குப் புதுப் பாட்டு ஏறவில்லை.

கேனரி பறவையின் மூளையில் பாட்டுக்கென்றே தனிப் பகுதிகள் இருப்பது 1976-ல் தெரியவந்தது. தோர்ப் 1986-ல் மறைந்தார்.

நீங்கள் பேசப் பழகியதும் இப்படிக் கேட்டுக் கேட்டுத்தானே!