கண்ணாடி முன் தன்னையே கிள்ளிக்கொண்ட சிற்பி: யார் இந்த மெஸ்ஸர்ஷ்மிட்?

இறுக மூடிய கண்கள், சுருங்கிய மூக்கு, பிதுங்கிய உதடு. வியன்னாவின் பெல்வெடேர் அருங்காட்சியகத்தில் இருக்கும் இந்தத் தலைச் சிற்பங்களைப் பார்த்ததும் சிரிப்புதான் வரும். கொஞ்ச நேரம் நின்று பார்த்தால், அந்தச் சிரிப்பு அடங்கிவிடும்.

இவற்றைச் செய்தவர் ஃபிரான்ஸ் சேவர் மெஸ்ஸர்ஷ்மிட். 1736-ல் ஜெர்மனியின் வீசன்ஸ்டைக் ஊரில் பிறந்தவர். சிற்பிகளான தாய்மாமன்களிடம் தொழில் கற்று, வியன்னா போனார். பேரரசி மரியா தெரசாவுக்கே சிலை செய்யும் அளவுக்கு வளர்ந்தார். 1769-ல் கலைக் கழகத்தில் துணை ஆசிரியர் பணியும் கிடைத்தது.

1774-ல் என்ன நடந்தது?

பேராசிரியர் பதவி காலியானது. தனக்குத்தான் என்று காத்திருந்தார். ஆனால், மனநிலை சரியில்லை என்று காரணம் சொல்லி ஒதுக்கிவிட்டார்கள். பதிலாக ஓய்வூதியம் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று மறுத்துவிட்டு, ஊரைவிட்டே கிளம்பினார். 1777-ல் தம்பி வாழ்ந்த பிரெஸ்பர்க் நகரில் குடியேறினார். இன்றைய பிராட்டிஸ்லாவாதான் அது.

ஏன் இத்தனை முகங்கள்?

1781-ல் அவரைச் சந்தித்த எழுத்தாளர் ஃபிரெட்ரிக் நிக்கோலாய் விவரத்தைப் பதிவு செய்திருக்கிறார். ஆவிகள் தன்னை வதைப்பதாக மெஸ்ஸர்ஷ்மிட் நம்பினார். முகம் கோணுவதில் மொத்தம் 64 வகை உண்டு, அவற்றைச் சரியாக வடித்துவிட்டால் ஆவிகளை அடக்கிவிடலாம் என்பது அவர் கணக்கு. அதனால் கண்ணாடி முன் நின்று, விலாவில் தன்னையே கிள்ளுவார். வலியில் முகம் எப்படிக் கோணுகிறதோ, அதை அப்படியே உலோகத்திலோ அலபாஸ்டர் கல்லிலோ வடிப்பார். ஒரே மனிதர், ஆனால் எத்தனையோ முகங்கள்!

பெயர் வைத்தது யார்?

எந்தத் தலைக்கும் அவர் பெயர் வைக்கவில்லை. 1783-ல், 47 வயதில் இறந்தார். பத்து ஆண்டுகள் கழித்து வியன்னாவில் 49 தலைகளைக் காட்சிக்கு வைத்தபோதுதான் பெயர்கள் ஒட்டிக்கொண்டன. ஒன்றுக்கு, மலச்சிக்கலால் அவதிப்படுபவர் என்றே பெயர்!

1932-ல் எர்ன்ஸ்ட் கிரிஸ் இதை மனநோயின் அடையாளமாக விளக்கினார். குடல் நோயின் வலியாக இருக்கலாம் என்பவர்களும் உண்டு. நோய் எதுவானாலும், கை நடுங்கியதற்கான தடயம் அந்தத் தலைகளில் இல்லை. பதவிக்குத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்ட பிறகும் செதுக்கிக்கொண்டே இருந்த கை அது. ஒதுக்கிய அதே நகரம்தான் இன்று அந்த முகங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறது.