கிறேஸ் ஹொப்பர் அம்மையார்

இன்று கணனியின் முன் அமரும் மாணவனொருவன் ஒரு விசையை அழுத்தியதும் அவன் வேண்டிய செய்நிரல் இயங்கத் தொடங்குகின்றது. அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட இமைப்பொழுதில் நிகழ்வதை அவன் காணான். செய்நிரல்கள் பெரும்பாலும் தம்முள் நிறைவுற்றவையல்ல. எழுத்துக்களைத் திரையில் இடுதல், வர்க்கமூலம் காணுதல் முதலிய பொதுப்பணிகளுக்குரிய துணைநிரல்கள் வேறு கோப்புக்களில் உள்ளன. ஆதலின், பணிசெயல் முறைமை செய்நிரலை நினைவகத்தில் ஏற்றியபின், இணைப்பி என்னும் சிறு செய்நிரலொன்றையே முதலில் இயங்கவிடுகின்றது. இணைப்பியானது வேண்டிய தொகுதிகளின் பட்டியலை வாசித்து, அவற்றைத் தேடிக் கொணர்ந்து, அவை அமர்ந்த இடத்திற்கேற்ப விலாசங்களைத் திருத்திய பின்னரே செய்நிரலுக்கு வழிவிடுகின்றது. இத்தொண்டினை மனிதர் கையாற் செய்து இடருற்ற காலமொன்றிருந்தது. அதனைப் பொறியிடமே ஒப்படைக்கலாமெனச் செய்துகாட்டியோருள் முன்னிற்பவர் கிறேஸ் ஹொப்பர் அம்மையார். அவர்தம் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

அம்மையார் 1906ஆம் ஆண்டு மார்கழி 9ஆந் திகதி நியூயோர்க் நகரிற் பிறந்தார். ஏழு வயதில், மணிக்கூடு ஒலிக்கும் விதத்தை அறியவேண்டி, வீட்டிலிருந்த ஏழு மணிக்கூடுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றிவிட்டாரென்பர். தாயார் அவரைக் கடியாது, இனி ஒன்றை மட்டுமே கழற்றலாமென வரையறுத்தார். வாசார் கல்லூரியிற் கணிதமும் பௌதிகமும் பயின்று 1928இற் பட்டம் பெற்று, 1934இல் யேல் பல்கலைக்கழகத்திற் கணிதக் கலாநிதியாகி, வாசாரிலேயே ஆசிரியப் பணி புரிந்தார்.

இரண்டாம் உலகப்போர் மூண்டபோது கடற்படையிற் சேர விழைந்தார். வயது மிகுதியென்றும் உடலெடை குறைவென்றும் தடைகள் எழுந்தன. அவற்றை வென்று 1943இற் சேர்ந்தவரை, மறு ஆண்டு ஹாவட் பல்கலைக்கழகத்திலிருந்த மார்க் 1 என்னும் கணிப்பொறிக்கு அனுப்பினர். ஐம்பத்தோரடி நீளமுள்ள அப்பொறிக்குக் கட்டளை எழுதிய சிலருள் அவரும் ஒருவரானார். பிழையின்றி இயங்கிய கட்டளைத் தொடர்களை அங்குள்ளோர் குறிப்பேடுகளில் எழுதிவைத்து, வேண்டியபோது ஒருவரிடமிருந்து ஒருவர் பெயர்த்தெழுதிக்கொண்டனர்.

போருக்குப் பின், 1949இல், பிலடெல்பியாவில் யூனிவாக் கணனியை ஆக்கிய நிறுவனத்திற் சேர்ந்தார். அங்கும் பெயர்த்தெழுதும் வேலையே தொடர்ந்தது. துணைநிரலொன்றை வேறோரிடத்தில் வைக்குங்கால், அதனுள் வரும் விலாசம் ஒவ்வொன்றோடும் ஓர் எண்ணைக் கூட்டவேண்டும். கற்றறிந்த கணித வல்லுநரும் கூட்டலிற் பிழைவிட்டனர். ஓரெழுத்தை வேறோரெழுத்தாகப் பெயர்த்தனர். ஓர் எழுத்துப் பிழை முழுக் கணிப்பையும் பாழாக்கிற்று. சலிப்பின்றிக் கூட்டவும் பிறழாது பெயர்க்கவும் வல்ல பொறி அருகேயிருக்க, மனிதர் ஏன் இதனைச் செய்தல் வேண்டும் என்பதே அம்மையார் உள்ளத்தில் எழுந்த வினா.

விடையாகப் பிறந்தது 1952இல் அவர் வெளிப்படுத்திய ஏ-0 என்னும் முறைமை. துணைநிரல்களைக் காந்த நாடாவிற் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அழைப்பெண் இட்டார். எழுதுவோன் அவ்வெண்களை வரிசையாகக் கொடுத்தாற் போதும். பொறியே துணைநிரல்களை எடுத்து, விலாசங்களைத் திருத்திக் கோத்துவிடும். அதனை அவர் தொகுப்பி என்றார். அது செய்த வேலையை நோக்கின் இன்று இணைப்பி என்பதே பொருந்தும். இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜில், வில்க்ஸ், வீலர், கில் ஆகியோர் துணைநிரல் நூலகமொன்றை முன்னரே அமைத்து, அதுபற்றி 1951இல் நூலும் வெளியிட்டிருந்தனர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

இதில் ஓர் இடர் இருந்தது. இன்னும் இடங்குறிக்கப்படாத பகுதிக்கு முன்னோக்கித் தாவவேண்டின் எவ்விலாசத்தை எழுதுவது? கல்லூரி நாளில் ஆடிய கூடைப்பந்தாட்டம் அம்மையாருக்கு வழிகாட்டிற்று. அக்காலப் பெண்கள் ஆட்டத்திற் பந்தை ஏந்தி அடியெடுத்துவைத்தலாகாது; தோழியிடம் எறிந்துவிட்டு முன்னே ஓடி மீளப் பெறல்வேண்டும். அதுபோல நினைவகத்தின் கடைசியில் ஒரு மூலையை ஒதுக்கி, தாவலை முதலில் அங்கு அனுப்பினார். உரிய பகுதி இடம்பெற்றதும் மூலையிலிருந்து அதற்கு இரண்டாந் தாவல் இடப்பட்டது. இன்றைய இணைப்பியும், விலாசம் தெரியாத அழைப்புக்களை ஓர் அட்டவணை வழியே செலுத்தி, முதல் அழைப்பு நேரும்போது உரிய விலாசத்தை நிரப்புவதுண்டு. இது அதிலிருந்து நேரே வந்ததென நாம் கூறோம், எண்ணம் ஒன்றேயென்போம்.

பொறி கணக்கிடுமேயன்றிச் செய்நிரல் எழுதாதெனக் கருதிய பலர் இயங்கிக்கொண்டிருந்த அம்முறைமையைத் தொடவும் மறுத்தனர். அவர் சோர்ந்தாரல்லர். ஆங்கிலச் சொற்களாற் கட்டளையிடும் புளோ-மற்றிக் மொழியை ஆக்கினார். 1959இற் குழுவொன்று வகுத்த கோபோல் மொழிக்கு அதுவே பெரிதும் அடிப்படையாயிற்று. 1966இற் கடற்படையிலிருந்து இளைப்பாறியவரை மறு ஆண்டே திரும்ப அழைத்தனர். ஒளி ஒரு செக்கனின் நூறு கோடியிலொரு பங்கிற் செல்லுந் தூரமாகிய ஏறத்தாழ 30 சதமமீற்றர் கம்பித் துண்டுகளைக் கேட்போர்க்கு வழங்கி விளக்குவது அவர் வழக்கம். 1986இல், எழுபத்தொன்பதாம் வயதில், றியர் அட்மிறலாக ஓய்வுபெற்று, 1992 தை முதலாந் திகதி மறைந்தார்.

பயனற்ற உழைப்பினின்றும் மனிதனை விடுவித்துச் சிந்திக்கவைத்தலே அம்மையார் கருதிய பயன். செய்நிரலொன்று தொடங்கும் ஒவ்வொரு கணமும், தன் பணி முடித்து ஓசையின்றி ஒதுங்கும் அவ்விணைப்பியை நம் இளைய மாணவர் ஒருகால் எண்ணிப்பார்ப்பாராக. மணிக்கூட்டைக் கழற்றும் சிறுவரைக் கடியாதிருக்கப் பெற்றோரும் ஆசிரியரும் கற்பாராக.