ஹாக்கியா, கிரிக்கெட்டா? எம்.ஜே. கோபாலன் எடுத்த முடிவு

முதல்ல ஒரு கேள்வி. ஒரு விளையாட்டில் உச்சத்தில் இருக்கும் ஒருவர், அதை விட்டுவிட்டு இன்னொரு விளையாட்டுக்குப் போனால் ஜெயிக்க முடியுமா?

உங்களில் பாதிப் பேருக்கு மைக்கேல் ஜோர்டான் ஞாபகம் வந்திருக்கும். கூடைப்பந்தில் தொடர்ந்து 3 சாம்பியன் பட்டம் வாங்கிய மனுஷன், 1994-ல் பேஸ்பால் ஆடப் போனார். பெரிய லீக் கூட கிடையாது, அதுக்குக் கீழே இருக்கிற மைனர் லீக்தான். ஒரு சீசன் ஆடி முடிச்சப்போ பேட்டிங் சராசரி 0.202. 1995 மார்ச்சில் மறுபடியும் கூடைப்பந்துக்கே வந்துட்டார். ஜோர்டானாலேயே முடியலைன்னா வேற யாரால முடியும்னு நாம முடிவு கட்டிடுவோம்.

கொஞ்சம் பொறுங்க. அதற்கு 60 வருஷம் முன்னாலேயே, மெட்ராஸில் ஒருத்தர் இரண்டு விளையாட்டிலும் இந்தியாவுக்காக ஆடியிருக்கிறார். அவர் பெயர் மொறப்பாக்கம் ஜோஸ்யம் கோபாலன். சுருக்கமா எம்.ஜே. கோபாலன். அவர் கதையைப் படிச்சா, நாம கேக்குற கேள்வியே கொஞ்சம் தப்போன்னு தோணும்.

1909 ஜூன் 6-ம் தேதி பிறந்தவர். பெயருக்கு முன்னால் இருக்கும் மொறப்பாக்கம்தான் சொந்த ஊர், செங்கல்பட்டு மாவட்டம். வளர்ந்து ஆடியதெல்லாம் மெட்ராஸில். அவருடைய பந்துவீச்சைக் கவனித்தவர் சி.பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். மெட்ராஸ் கிரிக்கெட்டை வளர்த்தவர்களில் முக்கியமானவர். கோபாலனுக்குப் பர்மா ஷெல் கம்பெனியில் ஒரு வேலையும், திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப்பில் ஒரு இடமும் கிடைக்க அவர்தான் வழி செய்தார். வேலை இருந்ததால்தான் விளையாட்டு நடந்தது. அந்தக் காலத்தில் ஐபிஎல் ஏலம் எதுவும் கிடையாது பாருங்க.

கோபாலன் மித வேகப் பந்துவீச்சாளர், பந்தை ஸ்விங் செய்யத் தெரிந்தவர். 1934 ஜனவரியில் கல்கத்தா ஈடன் கார்டன்ஸில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆடினார். எதிரணிக்கு கேப்டன் டக்ளஸ் ஜார்டின். கோபாலன் ஒரு விக்கெட் எடுத்தார். அடுத்த மாதமே சேப்பாக்கத்தில் முதல்முறையாக ஒரு டெஸ்ட் நடந்தது. சொந்த ஊர் மைதானம், ஆனால் அணியில் அவர் இல்லை.

அதே வருஷம் நவம்பர் 4-ம் தேதி அதே சேப்பாக்கத்தில் வேறொரு விஷயம் நடந்தது. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம், மெட்ராஸுக்கும் மைசூருக்கும். போட்டியின் முதல் பந்தை வீசியவர் கோபாலன். எதிரில் நின்றவர் மைசூரின் கர்ட்டிஸ். ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் எடுக்க, ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோனது. இன்னிக்கு வரைக்கும் ரஞ்சியில் வீசப்பட்ட லட்சக்கணக்கான பந்துகளில் நம்பர் ஒன் பந்து அவரோடது.

இப்ப அடுத்த ஆட்டத்துக்கு வருவோம். 1935-ல் இந்திய ஹாக்கி அணி நியூசிலாந்து, ஆஸ்திரேலியா பக்கம் நீண்ட பயணம் போனது. கேப்டன் தயான் சந்த். மொத்தம் 48 ஆட்டம், 584 கோல். அதில் 201 தயான் சந்த் மட்டுமே அடித்தது. அந்த அணியில் கோபாலனும் இருந்தார். அதாவது, 1934-ல் டெஸ்ட் கிரிக்கெட்டர், 1935-ல் இந்திய ஹாக்கி வீரர். இடையில் ஒரு வருஷ இடைவெளிதான்.

இது எப்படி முடிந்தது? யோசிச்சுப் பாருங்க. வேகப்பந்து வீசுறவருக்கு ஓடி ஓடிப் பழகின கால் வேணும், சாயங்காலம் வரைக்கும் தாங்குற மூச்சு வேணும். ஹாக்கிக்கும் அதேதான் வேணும். கீழே உருண்டு வரும் பந்தைக் கண் பிடிக்கணும், மணிக்கட்டு சரியான நொடியில் திரும்பணும். இதெல்லாம் இரண்டுக்கும் பொது. ஜோர்டானுக்கு இந்தப் பாலம் இல்லை. கூடைப்பந்தில் அவர் குதித்த உயரம், பேஸ்பாலில் வளைந்து வரும் பந்தை அடிக்க உதவவில்லை. அதைவிட முக்கியம், கோபாலன் ஒன்றை விட்டுட்டு இன்னொன்றுக்குத் தாவவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் ஆடினார்.

எங்க ஊர் குன்றாண்டார்கோவில் பக்கம் வந்தா இது புதுசாவே தெரியாது. புதுக்கோட்டை மாவட்டத்தில், மலையைக் குடைஞ்சு கட்டின சிவன் கோயில் இருக்கிற ஊர். அங்க ஒரே பையன் ஆறு மணி வரைக்கும் கிரிக்கெட் ஆடுவான், வெளிச்சம் குறைஞ்சதும் கபடிக் கோடு போடுவான், லீவு நாள்ல வாலிபால் கட்டுவான். நீ எந்த விளையாட்டுக்காரன்னு அவனை யாரும் கேக்குறதில்லை. செலக்ஷன், ஸ்போர்ட்ஸ் கோட்டான்னு வரும்போதுதான் அந்தக் கேள்வி வருது. கோபாலனுக்கு அது 1936-ல் வந்தது.

அந்த வருஷம் இந்திய கிரிக்கெட் அணி இங்கிலாந்துக்குக் கப்பல் ஏற வேண்டும். அதே வருஷம் பெர்லினில் ஒலிம்பிக்ஸ். ஹாக்கி அணிக்கான தேர்வு ஆட்டங்களுக்கு கோபாலனுக்கு அழைப்பு. இரண்டுக்கும் போக முடியாது, ஏதாவது ஒன்றுதான். வயது 26.

நீங்களா இருந்தா எதை எடுத்திருப்பீங்க? ஹாக்கியில் இந்தியா 1928, 1932 இரண்டு ஒலிம்பிக்ஸிலும் தங்கம் வாங்கிய அணி. கிரிக்கெட்டில் அதுவரை ஆடியதே 4 டெஸ்ட், ஒன்றில் கூட ஜெயிக்கவில்லை. தங்கத்தை மட்டும் பார்த்தால் ஹாக்கிதான். ஆனால் இன்னொரு பக்கம் பாருங்க. பெர்லினுக்குப் போவதற்கு முன் தேர்வில் ஜெயிக்கணும். இங்கிலாந்து போகும் அணியில் இடம் ஏற்கனவே கையில் இருந்தது.

கோபாலன் கிரிக்கெட்டை எடுத்தார்.

அந்தப் பயணம் எப்படிப் போச்சுன்னு கிரிக்கெட் படிக்கிறவங்களுக்குத் தெரியும். கேப்டன் விஜயநகரம் மகாராஜகுமார், அதாவது விஸ்ஸி. அணிக்குள்ளே ஏகப்பட்ட பிரச்சினை. நல்ல ஃபார்மில் இருந்த லாலா அமர்நாத்தைப் பாதியிலேயே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கோபாலனுக்கோ வேறு சிக்கல். புதுப்பந்தைப் பிடிக்க முகமது நிசார், அமர் சிங் என்று இரண்டு பெரிய ஆட்கள் முன்னால் நின்றார்கள். 3 டெஸ்ட் நடந்தது, ஒன்றில் கூட கோபாலனுக்கு இடம் கிடைக்கவில்லை.

1936 ஆகஸ்ட் 15-ம் தேதி லண்டன் ஓவல் மைதானத்தில் மூன்றாவது டெஸ்ட் தொடங்கியது. களத்தில் இறங்கிய பதினோரு பேரில் அவர் இல்லை. மழையால் ஒரு நாள் தள்ளிப்போன ஒலிம்பிக் ஹாக்கி இறுதி ஆட்டமும் பெர்லினில் அதே நாள்தான் நடந்தது. இந்தியா ஜெர்மனியை 8-1 என்று அடித்துத் தங்கம் வாங்கியது. கேப்டன் தயான் சந்த், ஒரு வருஷம் முன்னால் கோபாலனோடு ஒரே அணியில் ஆடியவர். கோபாலனுக்கு அதன் பிறகு இன்னொரு டெஸ்ட் கிடைக்கவே இல்லை.

இதைப் படிச்சதும் ஐயோ பாவம்னு தோணுதா? அதே பயணத்தில் இருந்த இன்னொரு மெட்ராஸ்காரரையும் பார்த்துடுங்க. சி. ராமசுவாமி. மெட்ராஸ் கிரிக்கெட்டின் தந்தை என்று சொல்லப்படும் புச்சிபாபு நாயுடுவின் மகன். 1922-ல் இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடியவர். அவர் முதல் டெஸ்ட் ஆடியது 14 வருஷம் கழித்து, 1936 ஜூலையில், மான்செஸ்டரில். வயது 40! எடுத்த ரன் 40-ம் 60-ம். ஓவலிலும் ஆடினார். 2 டெஸ்ட்டில் 170 ரன், சராசரி 56-க்கு மேல்.

ஒரே கப்பல், ஒரே கேப்டன், ஒரே ஊர். இரண்டு பேருமே இரண்டு விளையாட்டில் கெட்டிக்காரர்கள். 40 வயது டென்னிஸ்காரருக்கு வாய்ப்பு வந்தது, 27 வயது பந்துவீச்சாளருக்கு வரவில்லை. திறமை குறைவு என்று இதை எப்படிச் சொல்வது? பேட்டிங்கில் ஒரு இடம் காலியா இருந்தது, புதுப்பந்துக்கு இடம் இல்லை. அவ்வளவுதான். விளையாட்டு மாறி ஜெயிக்க முடியுமா என்ற கேள்வியில் பாதி உடம்பையும் பயிற்சியையும் பொறுத்தது. மீதிப் பாதி, நீங்க போய் நிற்கிற இடத்துல உங்களுக்கு முன்னாடி யார் நிக்கிறாங்க என்பதைப் பொறுத்தது.

கோபாலன் 1936-ஓடு உடைந்துபோகவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. மெட்ராஸுக்காக இன்னும் பல வருஷம் பந்து வீசினார். 1952-53-ல் மெட்ராஸும் சிலோனும் மோத ஒரு கோப்பை ஏற்படுத்தினார்கள், அதுக்கு வச்ச பேரு கோபாலன் கோப்பை. சிலோனுக்கு அப்போது டெஸ்ட் அந்தஸ்து கிடையாது. அவர்கள் முதல் டெஸ்ட் ஆடியது 1982-ல்தான். அதுவரை பெரிய ஆட்டத்துக்கு ஏங்கிய அந்தத் தீவின் பல வீரர்களுக்கு, இந்தக் கோப்பை ஒரு நல்ல பயிற்சிக் களமாக இருந்தது. பின்னாளில் இந்திய அணியைத் தேர்வு செய்யும் குழுவிலும் கோபாலன் இருந்தார். யாரை எடுப்பது, யாரை விடுவது என்று முடிவு செய்யும் நாற்காலி!

2003 டிசம்பர் 21-ம் தேதி சென்னையில் காலமானார். வயது 94.

இப்ப நம்ம கதை. பிளேஸ்மென்ட் சீசன் ஓடிட்டிருக்கு. மெக்கானிக்கல் படிச்சிட்டு ஐடி ஆஃபர் வாங்கினவங்க, சிவில் படிச்சிட்டு குரூப் 2-க்குத் தயாராகுறவங்க, கையில இருக்கிற ஆஃபரை விட்டுட்டு கேட் எழுதலாமான்னு யோசிக்கிறவங்க, எல்லாரும் இதைப் படிக்கிறீங்க. 1936 ஆரம்பத்தில் கோபாலன் கையில் இருந்த தகவலை மட்டும் வச்சு அவர் முடிவைப் பாருங்க. அது நியாயமான முடிவுதான். ஆகஸ்ட் 15 எப்படி இருக்கும்னு யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. உங்க முடிவையும் அப்படியே பாருங்க. மாறப்போகும் துறைக்கு உங்ககிட்ட ஏற்கனவே என்ன இருக்கு, அங்க எத்தனை இடம் காலியா இருக்கு, இந்த இரண்டையும் நல்லா விசாரிச்சுக்கோங்க. அதுக்கப்புறமும் தங்கம் பெர்லினுக்குப் போயிடுச்சுன்னா, ஊருக்குத் திரும்பி வந்து அடுத்த பந்தை வீசுங்க. கோபாலன் அதைத்தான் செய்தார்.